பனிக்குளமும் செவ்வரளியும்

அம்முணி,

அப்பன் எழுதுகிறேன். நம் வீட்டுக் கடுதாசி என்றால் ரயிலடிப் பார்சல் குமாஸ்தாவின் கையெழுத்தில்தான் உனக்கு வரும். எல்லாரும் சௌக்கியம், குதிரை சௌக்கியம், மழை இல்லை என்று நாலு வரி இருக்கும். இந்தத் தடவை எறும்பு ஊர்ந்த மாதிரி கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தாயே, அந்த எழுத்துதான் இது. குமாஸ்தாவிடம் சொல்லி எழுதக்கூடிய சேதி இல்லை இது. அதனால் சவாரி இல்லாத மத்தியான வேளைகளில் வண்டிக்குள் உட்கார்ந்து ஆறு நாளாக நானே எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். திருத்த முடியாத தப்பு ஒன்றும் இதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

போன வாரம் உன் பள்ளிக்கூடத்துத் துரைசானியம்மா உன்னைத் தேடி இளம்பிள்ளைக்கு, உன் அத்தை வீட்டுக்கு வந்தாரே, அவரை ஏற்றி வந்தவன் நான்தான். உனக்கும் அது தெரியும். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஆனால் நீங்கள் உள்ளே பேசியது அத்தனையும் என் காதில் விழுந்தது. பட்டணத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு வருஷம், சோறும் தங்கலும் அங்கேயே, முடித்தால் வேலை, வருகிற வெள்ளிக்கிழமை நான் ஊருக்குப் போகிற ரயிலிலேயே உன்னையும் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவேன் என்று அவர் சொன்னார். நீ தறியில் ஏதோ நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாய் போல. அப்புறம் சொன்னாய்: "வேண்டாமுங்கம்மா. எனக்கு அப்படி எழுதலைங்க. ஏழு வருசத்துக்கு முன்னாலயே சாமிகிட்டப் பூக் கேட்டாச்சுங்க. என் கையாலதானுங்க செகப்ப எடுத்தேன்." அதைக் கேட்டதும் என் கையிலிருந்த சவுக்கு கீழே விழுந்துவிட்டது.

அந்தப் பூவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் என் வண்டியைப் பற்றி உனக்குத் தெரியும். ஏறினவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அது தன் போக்கில்தான் போகும். நம் பழைய வெள்ளைக் குதிரை ஞாபகம் இருக்கிறதா? அதை எனக்கு விற்றவர் பெரிய குடிகாரர். சூரமங்கலத்திலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் கள்ளுக்கடை வந்தால் அது தானாக நின்றுவிடும். துரைசானியம்மா முதல் நாள் ஸ்டேஷனில் இறங்கி நம் வண்டியில் ஏறியபோதும் அப்படித்தான் நின்றது. அவர் புத்தகத்தில் படித்த தமிழில் கேட்டார்: "வண்டிக்காரரே, குதிரை ஏன் முன்னே செல்லவில்லை?" நான் சொன்னேன்: "பழக்கமுங்கம்மா. முந்தி இருந்தவரு இங்க எறங்கிக் குடிப்பாருங்க." "குதிரையும் குடிக்குமா?" "இல்லீங்கம்மா, அது நிக்க மட்டுந்தான் செய்யும்." அந்தம்மா சிரித்த சிரிப்பில் கடைக்குள் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சர்க்கார் கள்ளுக்கடைகளையெல்லாம் மூடின பிறகும் அந்தக் குதிரை சாத்தின கதவுக்கு முன்னால் நின்றது. ஒரு ஆள் குடித்து முடிக்கிற நேரம் நிற்கும், அப்புறம் போகும்.

உன் அம்மா போனபோது உனக்கு ஒன்றரை வயது. எனக்குப் பால் புகட்டத் தெரியாது, தலை வாரத் தெரியாது. உன் அத்தைதான் இளம்பிள்ளையிலிருந்து வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனாள். தன் மகனை ஒரு பக்கமும் உன்னை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு தூங்கினாள். ஐந்து வயது வரை நீ அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டாய். அப்புறம் துரைசானியம்மா ஒரு நாள், "வண்டிக்காரரே, உமக்கு ஒரு பெண் இருக்கிறாளாமே, அவளை ஏன் என் பள்ளிக்கு அனுப்பவில்லை?" என்று கேட்டார். எனக்கு ஆசைதான். அத்தையிடமிருந்து உன்னைத் திரும்பக் கேட்கத்தான் வாய் வரவில்லை. அவளே சொன்னாள்: "படிக்கட்டும்ணா. ஆனா ஒண்ணு, படிச்சு முடிச்சதும் இவ எம்மவனுக்குத்தான்." நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நான் லேசாக எடுத்துக்கொண்டேன். அவள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

உனக்குப் பதிமூன்று வயது ஆனதிலிருந்து சனிக்கிழமைகளில் துரைசானியம்மா சுற்றுப்பட்டுக் கிராமப் பள்ளிகளைப் பார்க்கப் போகும்போது உன்னையும் கூட்டிக்கொண்டார். அந்த நாலு வருஷம் என் ஆயுசில் நல்ல காலம். அந்தம்மா கையில் நீலத்துணி போட்ட ஒரு தடிப் புத்தகம் இருக்கும். அவர் நாட்டுக்காரர்கள் பாடின பாட்டெல்லாம் அதில் இருந்தது. அவர் இங்கிலீஷில் படிப்பார். நீ முன்பக்கம் நகர்ந்து வந்து என் தோளைத் தொட்டுக்கொண்டு தமிழில் சொல்வாய். நான் குதிரையைப் பார்த்தபடியே கேட்பேன். எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் கும்மியும் ஒப்பாரியும்தான். இந்தப் பாட்டுகளில் ஆள் அதிகம் இல்லை. மரம், ஆறு, காற்று, பனி. நடுவில் எங்காவது ஒரே ஒரு மனுஷன் நின்றுகொண்டிருப்பான்.

பனி என்றால் எனக்குப் புல் நுனியில் இருக்கிற ஈரம்தான். அவர்கள் ஊர்ப் பனி முழங்கால் ஆழம் கிடக்கும் என்று நீ சொன்னபோது நீ கதை விடுகிறாய் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் துரைசானியம்மா வெள்ளைக்கல் கரட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார். சித்திரை மாதம், உச்சி வெயில். தோண்டிக் கொட்டின வெள்ளைக் கல்லும் பொடியும் மலை மலையாகக் கிடந்தன. அந்தம்மா இறங்கி நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கள் வீட்டின் பின்புறம் தை மாதத்தில் இப்படித்தான் இருக்கும்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் உன்னிடம் மெதுவாகக் கேட்டேன்: "ஏங்கண்ணு, அந்தப் பனியும் இப்படித்தான் காலச் சுடுமா?" நீ சிரித்துவிட்டு அதை அவரிடமே சொல்லிவிட்டாய். அவர் சிரிக்கவில்லை. "ஆம், அதுவும் சுடும். வேறு விதமாக" என்றார்.

அந்தப் பனிக்குளத்துப் பாட்டை அன்று திரும்பி வரும் வழியில்தான் சொன்னாய். ஒரு கிழவன். குளம் பனியில் உறைந்து கல்லாகிக் கிடக்கிறது. அவன் அதன்மேல் நடந்து நடுவுக்கு வருகிறான். குனிந்து பார்க்கிறான். கண்ணாடி மாதிரி இருக்கிற பனிக்கு அடியில் ஒரு மீன். அசையவில்லை. செவுள் மட்டும் கொஞ்சம் திறந்து மூடுகிறது. கிழவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். பாட்டு அவ்வளவுதான். எனக்குக் கோபமே வந்தது. "அவன் எந்த ஊருக்குப் போறான்? எதுக்குப் போறான்? கொளம் ஒடைஞ்சு உள்ள உளுந்தானா, இல்லியா?" என்று கேட்டேன். நீ என் தோளைத் தட்டினாய். "அது கொளமில்லீங்கப்பா. அந்தக் கெழவனோட மனசுங்க. மேல கல்லாட்டம் இருக்குது, அடியில உசிரு இருக்குதுங்க. அவன் அதத்தான் பாக்கறான்." நான் சொன்னேன்: "அப்ப மனசுன்னே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, எதுக்குக் கொளத்தச் சொல்லோணும்?" நீ துரைசானியம்மாவிடம் கேட்டுச் சொன்னாய்: "மனசுன்னு சொன்னா நீங்க கேட்டுட்டு உட்டுருவீங்களாம். கொளம்னு சொன்னாத்தான் ஊட்டுக்குப் போயும் நெனப்பீங்களாம்." அது நிஜம்தான். பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு பாட்டும் உண்டு. மக்காச்சோளம் அறுத்த காடு, வெறும் தட்டைகள் நிற்கின்றன, காற்று அடித்தால் அவை சலசலக்கும், ஒரு அம்மா சன்னலைத் திறந்துவைத்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்தத் தடவை நானே கண்டுபிடித்தேன். "அவ புள்ளைங்கெல்லாம் ஊர உட்டுப் போயிட்டாங்க, அதானே?" என்றேன். நீ கை தட்டினாய். துரைசானியம்மா, "உம்முடைய தகப்பனாருக்குப் பரீட்சை வைத்தால் தேறிவிடுவார்" என்றார். அதற்கு மேல் எனக்கு யாரும் எந்தப் பரீட்சையும் வைக்கவில்லை. ஒன்று வந்தது, அதில் தோற்றுவிட்டேன். வருகிறேன், வருகிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, ஒரு நாள் செம்போத்து ஒன்று வண்டிக்குக் குறுக்கே பறந்தது. "ஆகா, இன்னிக்கு நல்ல சகுனம்" என்று நான் சாட்டையைச் சுழற்றினேன். அந்தம்மா கேட்டார்: "அந்தப் பறவை உமக்குச் செய்தி சொல்வதற்காகவா பறந்தது?" "ஆமாங்கம்மா. செம்போத்து போனா நல்லது, பூனை போனாக் கெட்டது, பல்லி கத்தற தெசையப் பொறுத்து ஒவ்வொண்ணும் இருக்குதுங்க." அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் பாட்டன்மார் கப்பலில் போய் இறங்கிய நாடு எங்களுடையது. எந்த மலைக்கு என்ன பெயர், எந்தப் பறவை என்ன சொல்லும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களை நாங்கள் துரத்திவிட்டோம். அதன் பிறகு கேட்க ஆள் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் மலையைத் தனியாகப் பார்த்து, இது எனக்கு என்ன என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. எங்கள் பாட்டெல்லாம் அதுதான்." நீ இதைத் தமிழில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அவரே தமிழில்தான் சொன்னார். ஆனாலும் நீ உன் பாஷையில் ஒரு தரம் சொன்னாய்: "அவுங்க ஊர்ல பறவை நம்முளுக்குச் சேதி கொண்டாராதுங்கப்பா. பறவையப் பாக்கறப்ப நம்ம மனசுல இருக்கற சேதிதான் நமக்கே தெரியுமுங்க." எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு செம்போத்துகூடச் சொல்லிக்கொடுக்காத ஊரில் மனுஷன் எப்படி ஒரு முடிவுக்கு வருவான் என்று நினைத்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உனக்குப் பதினேழு முடிந்தது. பட்டணத்துக் காலேஜில் உன்னைச் சேர்க்கிறேன் என்று துரைசானியம்மா வந்து நின்றார். அதே வாரம் அத்தை தாம்பூலத் தட்டோடு வந்து நின்றாள். அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். "நீ என்ன சொன்னாலும் சரிண்ணா" என்று சொல்லிவிட்டு உனக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்துவிட்டாள். நீயோ ஒரு பக்கம் நீலப் புத்தகம், ஒரு பக்கம் அத்தையின் கை என்று நடுவில் உட்கார்ந்திருந்தாய். "எனக்குப் படிக்கோணும்னு இருக்குதுங்கப்பா. ஆனா அத்தெ அழுதா நான் போக மாட்டேன்" என்றாய். அப்போதுதான் நான் சொன்னேன், குலதெய்வத்திடம் பூக் கேட்டுவிடலாம் என்று. நம் வழக்கம்தானே. கிணறு வெட்ட, பெண் கொடுக்க, எல்லாவற்றுக்கும் கேட்பது. மடித்துக் கட்டின இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுக்கும்போது வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் கல்யாணம். துரைசானியம்மா என்னையே பார்த்தார். நீ சம்மதித்தாய். அத்தையும் சம்மதித்தாள்.

ராசிபுரம் போகிற வழியில் நம் கோயில். பூசாரிக்கு அப்போதே கண் மங்கி எதுவும் சரியாகத் தெரியவில்லை. "நீயே பறிச்சு நீயே கட்டிக் கொண்டாப்பா, சாமிக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார். நான் கோயிலுக்குப் பின்னால் போனேன். கிணற்றோரம் இரண்டு அரளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. செவ்வரளியில் ஒரு கொத்துப் பறித்துப் பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டினேன். அப்புறம் வெள்ளரளியிடம் போய் நின்றேன். கை நீட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், கை நீட்டினேன். அந்த நேரத்தில் ரயிலடி கண்ணில் வந்தது. நீ வண்டி ஏறுகிறாய், அது போகிறது, நான் குதிரையோடு திரும்பி வருகிறேன், வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லை. என் கை வெள்ளையைத் தொடாமல் திரும்பிவந்து சிவப்பிலேயே இன்னொரு கொத்துப் பறித்தது. அதையும் அதே மாதிரி மடித்து அதே மாதிரி கட்டினேன்.

இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளிதான் இருந்தது, அம்முணி. வெள்ளை இல்லவே இல்லை.

வழக்கமாகச் சின்னக் குழந்தை யாராவது எடுக்க வேண்டும். அன்று குழந்தை யாரும் இல்லை. பூசாரி, "நீயே எடு சாமி, உனக்குத்தானே கேக்கறோம்" என்றார். நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன் உதடு அசைந்தது. கை இரண்டு பொட்டலத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். இடது பக்கத்தை எடுத்தாய். பிரித்தாய். அத்தை குலவையிட்டாள். மற்றதை நான் உடனே எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டேன். பிரிக்காமல் கிணற்றில் போடுவதுதான் வழக்கம், அதனால் யாரும் கேட்கவில்லை. நீ மட்டும் வண்டியில் வரும்போது கேட்டாய்: "அப்பா, வலது பக்கம் இருந்ததுதான் வெள்ளையா இருந்திருக்குமுங்களா?" நான், "ஆமாங்கண்ணு" என்றேன். பூவை மாற்றியதைவிட அந்த ஆமாம்தான் பெரிய பாவம் என்று இப்போது நினைக்கிறேன். உன் கைமேலேயே உனக்கு ஒரு கோபத்தை அன்று கட்டிக் கொடுத்துவிட்டேன்.

அத்தைக்காகச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாயில்லாத பிள்ளையை வளர்த்தவளுக்கு நன்றி செய்ய வேண்டாமா என்று. அது பொய். அந்தம்மா ஊர்ப் பாட்டை நாலு வருஷம் தோளுக்குப் பின்னால் கேட்டவன் நான். குளம் கிழவனின் மனசு, தட்டைக்காடு அந்த அம்மாவின் மனசு என்று உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன். அன்று பூவரச இலைக்குள் இருந்தது சாமியின் வாக்கு இல்லை, என் மனசு. தனியாக இருக்கப் பயந்த ஒரு ஆளின் மனசு. அதைப் பூ மாதிரி மடித்து உன் முன்னால் வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளையைப் பற்றி நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அத்தையின் மகன் என்பதற்காகச் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. ஒரு தடவை நான் வந்திருந்தபோது தறியை நிறுத்திவிட்டு என்னிடம் ரகசியம் மாதிரி கேட்டான்: "மாமா, அந்தப் பனிக்கொளத்து மீனு கடைசில என்னாச்சுங்க? இவளக் கேட்டாச் சொல்ல மாட்டேங்கறா." "என்னையும் இப்படித்தான் மாப்ளே ஏமாத்திட்டா" என்றேன். நீ தறிக்குப் பாவு நூல் ஓட்டிக்கொண்டே சிரித்தாய். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தேன். பூ சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்றுகூட நினைத்தேன். பார், பொய்யாகக் கட்டினவனே அதை நம்பத் தொடங்கிவிட்டேன்.

அப்புறம் யுத்தம் வந்து நூல் கிடைக்காமல் போனது. அந்த ஆடியில் உங்கள் தெருவில் வாந்திபேதி வந்தது. இரண்டு நாளில் மாப்பிள்ளை போய்விட்டான். உன்னை வெள்ளைச் சீலையில் பார்த்த அன்று, நான் மறைத்த வெள்ளை வேறு வழியாக வந்து உன்மேல் ஏறிவிட்டது, சாமி என்னைத் தண்டித்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். கோயில் பக்கம் சவாரி வந்தால்கூடப் போகவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுவும் என் திமிர்தான். அந்தத் தெருவில் பதினோரு பேர் போனார்கள். கிணற்றில் சாக்கடை கலந்தது, அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், போனார்கள். மற்ற பத்துப் பேருக்கும் யார் பூ மாற்றிக் கட்டினார்கள்? மாப்பிள்ளையின் சாவை எனக்கு வந்த சேதி என்று சொன்னால் அவன் சாவைக்கூட நான் திருடிக்கொண்ட மாதிரி ஆகும். சீலை வெறும் சீலை. உனக்கு ஒன்றும் எழுதப்படவில்லை. எழுதினவன் யாராவது உண்டென்றால் அது நான்தான்.

நூல் ரேஷன் சீட்டு வாங்க வந்த உன் அத்தை கால் வீங்கி மூன்று நாளாக நம் வீட்டிலேயே இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். முந்தாநாள் காலையில் அவளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சாமி முன்னாலயாண்ணா?"

"ஆமாத்தா."

"எனக்காகவா செஞ்சே?"

"இல்ல. எனக்காகத்தான்."

அவள் ரொம்ப நேரம் காலை நீவிக்கொண்டிருந்தாள். நான் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் கெஞ்சினாள், அம்முணி. "அவகிட்டச் சொல்லிப்போடாதண்ணா. சொன்னா அவ போயிருவா. தறி நின்னாப் போவுது. பேச்சுச் சத்தமே இல்லாத ஊட்டுல நான் எப்படி இருப்பேன்? மவனும் போயிட்டான். தாயில்லாத புள்ளைய மடில போட்டு வளத்தேன், நான் உங்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானே?" என்றாள். அவள் கேட்டது ஞாயம்தான். கோயில் கிணற்றோரம் எனக்கு வந்த அதே பயம் இப்போது அவள் வாயால் பேசுகிறது. அதற்கு ஒரு தடவை கீழ்ப்படிந்து பார்த்துவிட்டேன். "இந்த வாட்டி முடியாதாத்தா" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நான் போட்ட சோற்றையும் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் குடிக்கிறாள்.

இதையெல்லாம் உன்னிடம் மறைக்காமல் சொல்வது உன்னை இழுத்துப் பிடிக்க அல்ல. உனக்கு ஒளித்து எதையும் கட்டிக் கொடுக்கக்கூடாது என்பதற்காக. இந்தத் தடவை இரண்டிலும் என்ன இருக்கிறது என்று பார்த்தே நீ எடுக்க வேண்டும். பட்டணத்தில் உனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஏழு வருஷம் புத்தகத்தைத் தொடாத கை. உன்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். சீலையைப் பார்த்து ஒதுங்குகிறவர்களும் இருப்பார்கள். இங்கே இருந்தால் அத்தை இருக்கிறாள், தறி இருக்கிறது, தெரிந்த தெரு இருக்கிறது. என்மேல் இருக்கிற கோபத்தில் போகாதே. அத்தைமேல் இருக்கிற பரிதாபத்தில் இருக்காதே. போக மனசில்லை என்றால், எனக்கு மனசில்லை என்று அந்தம்மாவிடம் நேராகச் சொல். எழுதலைங்க என்று மட்டும் சொல்லாதே.

உன் அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போனால் அவள் இளம்பிள்ளையில் தனியாக இருக்க மாட்டாள், இங்கேயே வைத்துக்கொள்வேன். என்னோடு பேசாமல் இருப்பாள். இருக்கட்டும். பேசாத ஆள் ஒருவர் வீட்டில் இருப்பதும் ஒரு துணைதான். அது எனக்கு வேண்டிய தண்டனை என்றும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மறுபடியும் அப்படி நினைக்கத் தொடங்கினால் நிற்காது. அவள் என் தங்கை, கால் வீங்கியிருக்கிறது, வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ரயில் காலை ஒன்பது மணிக்கு வருகிறது. துரைசானியம்மாவின் பெட்டிகளை நான்தான் ஏற்றுகிறேன். நீ வந்தால் உன் பெட்டியையும் ஏற்றுவேன். என்னோடு நீ பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்க வேண்டாம். கூலிக்காரனிடம் கொடுக்கிற மாதிரி கொடு. மன்னிப்புக் கேட்டு எழுதலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். கேட்டால் நீ மன்னிக்க வேண்டியதாகிவிடும். அதையும் உன் தலையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இதை நானே இளம்பிள்ளைக்கு எடுத்துவந்து உன் கையில் கொடுக்கலாம் என்று நேற்று வண்டி பூட்டினேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். கையில் இருக்கிற கடுதாசியைக் கொடுக்காமலேயே திரும்பக் கொண்டுவந்துவிடுகிற ஆள் நான் என்பது எனக்குத் தெரியும். அதனால் தபாலில் போடுகிறேன். நாளைக்கு உனக்குக் கிடைக்கும். இப்போது மத்தியானம் மூன்று மணி. உள்ளே அத்தை கண்ணயர்ந்திருக்கிறாள். நாலு மணிக்குத் தபால் எடுக்க ஆள் வருவான். அதற்குள் ஸ்டேஷன் தபால் பெட்டிவரை நடந்து போய் இதைப் போட்டுவிட்டு வருகிறேன். வந்ததும் அவளை எழுப்பி, போட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

உன் அப்பன்